வைலி கல்லூரி விவாத அணி (1935)

1935 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மார்ஷல் என்னும் சிறு நகரைச் சேர்ந்த வைலி கல்லூரியின் விவாத அணி, லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது. தோற்ற அணி அப்போதைய தேசிய வாகையர். வென்ற அணிக்கோ அந்தப் பட்டத்தைப் பெறும் வாய்ப்பே இல்லை. கல்லூரிகளின் பேச்சுக்கலைப் போட்டிகளை நடத்திய 'பை கப்பா டெல்ட்டா' சங்கம் கறுப்பின மாணவர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. வைலியோ கறுப்பின மாணவர்களின் கல்லூரி.

பின்னணி

அடிமை முறை ஒழிந்து எட்டாண்டுகளுக்குப் பின், 1873 இல், மெதடிஸ்ட் திருச்சபையினர் இக்கல்லூரியைத் தொடங்கினர். 1930களிலும் டெக்சாசில் பள்ளி, இரயில் பெட்டி, உணவகம் என எல்லாவற்றிலும் இனப் பிரிவினை நிலவியது. வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் அணி வழியில் விரும்பிய விடுதியில் தங்க முடியாது. கறுப்பினக் கல்லூரிகளும் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளுமே புகலிடம்.

அணியை உருவாக்கியவர் ஆங்கிலப் பேராசிரியர் மெல்வின் டோல்சன். 1920களின் நடுவில் அவர் தொடங்கிய விவாதக் கழகம் முதலில் பிற கறுப்பினக் கல்லூரிகளுடனேயே மோதியது. 1930 இல் சிகாகோவில் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களுடன் நடத்திய விவாதம் இனத்தடையைத் தாண்டிய தொடக்ககால விவாதங்களுள் ஒன்று. அதில் வைலியின் சார்பில் பேசியவர்களுள் ஒருவர் முதலாண்டு மாணவி ஹென்ரியட்டா பெல்; அணியில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

டோல்சனின் பயிற்சி கடுமையானது. மாலை வேளைகளில் மாணவர்கள் அவர் வீட்டில் கூடுவர். எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், கையை எப்போது உயர்த்த வேண்டும் என்பது வரை ஒத்திகை நடக்கும். மாணவர் எதைச் சொன்னாலும் அவர் எதிர்ப்பக்கம் நின்று மடக்குவார். எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பதே இம்முறையின் சாரம். இன்று மேடைப்பேச்சுக்கு எழுதியதை ஒப்பிப்பதே போதும் என எண்ணும் மாணவர் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1935 ஆம் ஆண்டுப் பயணம்

அவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரிகள் விவாதித்த தலைப்பு, நாடுகளுக்கிடையே ஆயுதங்களை அனுப்புவதைத் தடுக்க உலக நாடுகள் உடன்பட வேண்டுமா என்பது. முதல் உலகப் போரின் வடு ஆறாத காலம். வைலி அணி தென்மேற்கு மாநிலங்கள் வழியே மேற்குக் கடற்கரை வரை சென்றது. டெக்சாசிலேயே, ஃபோர்ட் வொர்த்தில் வெள்ளையருக்கான டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம் இவர்களை வரவேற்று விவாதித்தது. தென் மாநில நிலைமையை நோக்க, லாஸ் ஏஞ்சல்ஸ் வெற்றியினும் இதுவே துணிச்சலான நிகழ்வு எனலாம்.

லாஸ் ஏஞ்சல்சில் ஹென்றி ஹைட்ஸ், ஹோபர்ட் ஜாரெட் ஆகியோர் பேசினர். பதினைந்து வயதே ஆன ஜேம்ஸ் ஃபார்மர் அப்போது மாற்று உறுப்பினர். இப்பயணங்களைப் பற்றி ஜாரெட் அதே ஆண்டில் 'தி கிரைசிஸ்' இதழில் கட்டுரை எழுதினார்.

பின்னாளில்

ஃபார்மர் 1942 இல் 'இனச் சமத்துவ காங்கிரசு' அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரானார். 1961 இல் பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த 'விடுதலைப் பயணங்களை' வழிநடத்தினார். மால்கம் எக்சுடன் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டவரும் அவரே. டோல்சன் கவிஞராகப் புகழ்பெற்று, 1947 இல் லைபீரியாவின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார்.

டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்த 'தி கிரேட் டிபேட்டர்ஸ்' (2007) திரைப்படம் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. ஆனால் அதில் எதிரணி ஹார்வர்டு பல்கலைக்கழகம் எனக் காட்டப்படுகிறது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் இதையே வரலாறாக எழுதுவதுண்டு. உண்மையில் எதிரே நின்றது தென் கலிபோர்னியா. அதே ஆண்டு வாஷிங்டன் அளித்த பத்து இலட்சம் டாலர் நன்கொடையால், இடையில் நின்றுபோயிருந்த வைலி விவாத அணி மீண்டும் செயல்படத் தொடங்கியது.