கட்டபொம்மன்: வீரனா, கொள்ளைக்காரனா?

1959 மே மாதம் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. பார்த்தவர்கள் சிவாஜி மாதிரி ஒரு தடவையாவது பேசிப் பார்த்திருப்பார்கள். ஆனால் கட்டபொம்மனை வைத்து எழுத்தாளர்களுக்குள் நடந்த சண்டை, படத்தில் வரும் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல!

ஒரு பக்கம் ம.பொ.சி. கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதியவர், படத்துக்கு வரலாற்று ஆலோசனையும் அவர்தான். அவருக்குக் கட்டபொம்மன் விடுதலை வீரன். எதிர்ப்பக்கம் 'கல்கண்டு' தமிழ்வாணன். அவர் புத்தகத்தின் தலைப்பே 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்'! கண்ணதாசனோ மருது சகோதரர்களை வைத்து 'சிவகங்கைச் சீமை' என்று படமே எடுத்துவிட்டார். அதுவும் அதே மாதத்தில் வந்து, பந்துலுவின் கலர் படத்துக்கு முன்னால் எடுபடாமல் போனது.

கொள்ளைக்காரன் என்ற பேச்சு புதிதல்ல. 1881-ல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் பாளையக்காரர்களுக்கு நல்ல பெயர் கிடையாது. அவர் பெரும்பாலும் நம்பியது கம்பெனிக் கடிதங்களை. தோற்றவன் பக்கம் கடிதம் ஏது?

அந்தக் கணக்கையே பார்த்தால் விஷயம் வேறு. படத்தில் கட்டபொம்மன் வரி தர மறுத்து கலெக்டர் ஜாக்சன் முன்னால் முழங்குகிறார். நிஜத்தில் 1798 மே கடைசியில் பாக்கி 3310 பகோடா. கலெக்டர் அவரைக் குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஊர் ஊராக அலையவிட்டார். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது மிச்சம் 1080 தான். பெரும்பகுதி கட்டியாகிவிட்டது! அங்கே நடந்த கைகலப்பைச் சென்னையில் விசாரித்தார்கள். கடைசியில் வேலை போனது ஜாக்சனுக்கு. இது சினிமாவுக்கும் உதவாது, 'கொள்ளைக்காரன்' வாதத்துக்கும் உதவாது. அதனால்தானோ என்னவோ, இரண்டு பக்கத்தாரும் இதை உரக்கப் பேசுவதில்லை.

எட்டப்பன் கதையும் இப்படித்தான். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. இரு பாளையத்துக்கும் பழைய எல்லைத் தகராறு. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை தொண்டைமான். கெட்ட பெயர் மட்டும் எட்டப்பனுக்கு. (படத்தில் அந்த வேஷம் கட்டிய வி.கே.ராமசாமி நம்ம விருதுநகர்க்காரர்!)

1799 அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களையும் கம்பெனி பறித்துக்கொண்டது. இன்று ஏழாயிரம்பண்ணை என்றால் பட்டாசும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பாளையக்காரரை வீரன் என்றோ கொள்ளைக்காரன் என்றோ காட்ட யாரும் படம் எடுக்கவில்லை.