ஒப்பந்தத் தொழிலாளர் (இந்தியா)

ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் வேலை செய்துகொண்டு, லேபர் காண்ட்ராக்டரிடமோ மேன்பவர் ஏஜென்சியிடமோ கூலி வாங்குபவர் ஒப்பந்தத் தொழிலாளர். வேலை நடக்கும் நிறுவனத்தைச் சட்டம் ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்கிறது. ஆலை வாசலில் இந்தப் பிரிவினை இன்னும் சுருக்கம்: ‘பெர்மனென்ட்’, ‘காண்ட்ராக்ட்’.

இடைத்தரகர் வழியே ஆள் சேர்ப்பது பழைய வழக்கம். தோட்டங்களில் கங்காணி, சென்னை மாகாண ஆலைகளில் மேஸ்திரி, கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார் என்று பெயர்தான் மாறியது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரைத் தண்டிக்க வழிசெய்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வேர் பம்பாயில் இருந்த ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் துப்புரவு வேலையில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு வாக்குவம் நிறுவனம் அந்த வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தது. அதை எதிர்த்து நிறுவனத்தின் சொந்தத் தொழிலாளர்கள் வழக்காடினர். 1960இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வேலை நிரந்தரத் தன்மை உடையதா, ஆலையின் இயக்கத்துக்குத் தேவையானதா, முழுநேர ஆட்களை வைக்குமளவுக்கு இருக்கிறதா, பிற நிறுவனங்களில் சொந்த ஆட்களே அதைச் செய்கிறார்களா என்று அது கேட்ட கேள்விகள், பத்து ஆண்டுகள் கழித்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் அளவுகோல்களாயின.

ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970, 1971 பிப்ரவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபது பேரும் அதற்கு மேலும் இருந்த இடங்களுக்கு அது பொருந்தியது. ஒழுங்குபடுத்துவதா, ஒழிப்பதா, எது அதன் நோக்கம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தலைப்பில் இரண்டுமே இருக்கின்றன. 1971ஆம் ஆண்டு மத்திய விதிகள் நுணுக்கமாக இருந்தன. கூலி பட்டுவாடாவின்போது நிறுவனத்தின் பிரதிநிதி உடனிருந்து, தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதென்று பதிவேட்டில் சான்றளிக்க வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்று நாளுக்குள் வேலை அட்டை தரவேண்டியிருந்தது. நிறுவனத்தின் சொந்தத் தொழிலாளி செய்யும் அதே வேலைக்கு அதே கூலி. கழிப்பிடத்தின் வெளியே ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று எழுதினால் போதவில்லை, எழுத்தறியாதவருக்காக உருவமும் வரைந்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனை நுணுக்கம் பார்த்த சட்டம் ஒன்றைச் சொல்லவில்லை. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்தால், அதுவரை அதைச் செய்தவர் எங்கே போவார்? 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு பெருக்குதல், துடைத்தல், காவல் ஆகிய வேலைகளுக்குத் தடை அறிவித்தபோது இந்தக் கேள்வி பெரிதானது. ஏர் இந்தியா வழக்கில் (1996), தடை வந்ததுமே அந்தத் தொழிலாளர்கள் நிறுவனத்தின் நேரடி ஊழியர் ஆகிவிடுவர் என்றது உச்ச நீதிமன்றம். ஐந்தாண்டு நிறைவதற்குள், 2001 ஆகஸ்ட் 30 அன்று, ‘செயில்’ எனப்படும் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 1976 அறிவிக்கையையும் ரத்துசெய்தது. தடை வந்தாலும் தொழிலாளர் தானாக நிரந்தரம் ஆகமாட்டார். ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவினால் நேரடி ஊழியர் ஆகலாம். உண்மையான ஒப்பந்தம் என்றால், தடைக்குப் பின் நிறுவனம் ஆள் எடுக்கும்போது வயது வரம்பைத் தளர்த்தி முன்னுரிமை தரவேண்டும், அவ்வளவே. நிரூபிக்கும் சுமை இதனால் யாரிடம் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விரண்டு தீர்ப்புகளின் வெளிச்சத்தில், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கு (1978) சற்று மறைந்துபோயிற்று. தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி, நடுவில் எத்தனை காண்ட்ராக்டர் நின்றாலும் சரி என்பது அதில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தருகிறது. காண்ட்ராக்டர் வழி வந்தவருக்கும் இது பொருந்துமா என்பது வழக்குகளுக்கு உரிய கேள்வி.

குறித்தகால வேலை வேறு வகை: ஏஜென்சி இல்லை, கெடு உண்டு. கெடு முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பாகாது என்று 1984இல் தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டது. 2018இல் எல்லாத் தொழில்களுக்கும் இம்முறை திறந்துவிடப்பட்டது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. குறித்தகால ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு இருபது பேரிலிருந்து ஐம்பது பேராக உயர்ந்தது. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த முறைக்குப் பொதுவாகத் தடை இருக்கிறது. மையப் பணி அல்லாதவை என்று தொகுப்பு தரும் பட்டியலில் முதலில் வருவது பெருக்குதலும் துடைத்தலும் அடங்கிய துப்புரவு வேலை.