தேன் தராத தேனீக்கள்

தேனீ என்றதும் நமக்குக் கூடும் ராணியும் நினைவுக்கு வரும். ஆனால் உலகிலுள்ள சுமார் 20,000 தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனிக்குடித்தனம்தான். பெண் தேனீ ஒன்றே வீடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். நாம் எடுத்து விற்கத் தேன் கிடையாது. அதனால் இவற்றை யாரும் பெரிதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1768-ல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸின் மாணவர். செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1897-ல் பிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியா, இலங்கை, பர்மாவின் குளவிகளையும் தேனீக்களையும் ஒரே தொகுதியில் பட்டியலிட்டார்.

பட்டியலைத் தாண்டி அவற்றின் வாழ்க்கையை எழுதியவர் பிரான்சின் ழான் ஆன்ரி ஃபாப்ர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்திலேயே எனக்கு அறிமுகமான பெயர். இளம் ஆசிரியராக, மாணவர்களுக்கு நில அளவை கற்பிக்க வெட்டவெளிக்கு அழைத்துப் போனார். பையன்களோ அளவையை விட்டுவிட்டு, கல்லில் ஒட்டியிருந்த மண்கூட்டிலிருந்து வைக்கோல் குச்சியால் தேன் உறிஞ்சினார்கள்! அந்தத் தேனீயைப் பற்றி அறிய ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் புத்தகம் வாங்கினார். பின்னாளில், 1879 முதல் 1907 வரை, தாமே பத்துத் தொகுதிகள் எழுதினார்.

பள்ளிப்பட்டில் இவற்றைப் பார்க்கத் தொலைவு போக வேண்டாம். மூங்கிலைத் துளைக்கும் கருவண்டும் தேனீ இனமே. தெலுங்கு பேசுவோர் தும்மெத என்பார்கள். எருக்கம்பூவும் சரக்கொன்றையும் அதன் இடம். ரோஜா இலையை வட்டமாக நறுக்கிப் போவது இலைவெட்டித் தேனீ. பூச்சி அரித்துவிட்டது என்று மருந்தடிக்கிறோம். துவரம்பூவில் மகரந்தம் சேர்ப்பதும் அதுவே. வயிற்றில் நீலப்பட்டை உள்ள இன்னொன்று கத்தரிப்பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச் செய்யும். மகரந்தம் பொடியாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

மண்சுவரும் மூங்கில் கழியும் இருந்தவரை நம் வீட்டிலேயே இவற்றுக்கும் வீடு இருந்தது. இன்று சுவருக்கு சிமெண்ட் பூச்சு, வாசலுக்கு டைல்ஸ். ஒரு பக்கம் கணு மூடியபடி மூங்கில் துண்டுகளை வெட்டி, மழை படாத இடத்தில் கட்டி வையுங்கள். தோட்டத்தின் ஒரு மூலையைக் கொத்தாமல், சிமெண்ட் போடாமல் விடுங்கள். காசு செலவில்லை; கத்தரியும் துவரையும் நன்றாகக் காய்க்கும்.