கோகனின் இசைத்தொகுதியும் இறுதி என்னும் கருத்தும்

பாவலர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் கடைசிப் படைப்பை நோக்குவோர், அதன் சொல்தொறும் சாவின் நிழலையே காண்பர். அங்ஙனம் காண்டல் இயல்பே. ஆயினும் வரலாறு ஆகாது. கனடா நாட்டுப் பாடலாசிரியரும் பாடகருமாகிய லெனார்டு கோகன் 2016 அக்டோபர் 21ஆம் நாள் வெளியிட்ட ‘யூ வான்ட் இட் டார்க்கர்’ என்னும் இசைத்தொகுதி இதற்குச் சான்றாகும். பதினேழு நாள் கழித்து, நவம்பர் 7இல், தம் 82ஆம் அகவையில் அவர் மறைந்தார். அன்றுதொட்டு, தமக்குத் தாமே பாடிக்கொண்ட இரங்கற்பா இஃது என்பார் பலராயினர். அக்கூற்றின் பொருத்தம் ஈண்டு ஆராயப்படுகின்றது.

கோகன் 1934இல் மொன்றியாலை அடுத்த வெஸ்ட்மவுண்டில் யூதக் குடியிற் பிறந்தவர். 1956இல் முதற் கவிதை நூலையும் 1967இல் முதல் இசைத்தொகுதியையும் வெளியிட்டார். நாம் எடுத்துக்கொண்டது பதினான்காவது தொகுதி. முதுகெலும்பு நோவால் நடமாட இயலாத நிலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த தம் இல்லத்திலேயே நாற்காலியில் அமர்ந்து பாடினார். மகன் ஆதாம் கோகன் உடனிருந்து அதனை உருவாக்கினார். தலைப்புப் பாடலில் உடன் ஒலிப்பது மொன்றியாலின் ஷார் ஹஷோமாயிம் தொழுகைக்கூடப் பாடகர் குழுவாகும். அக்கூடத்திற்கு அவர்தம் பாட்டனாரும் பாட்டனாரின் தந்தையாரும் தலைமை தாங்கியோர் ஆவர். ஆபிரகாம் இறைவனுக்கு ‘இதோ உள்ளேன்’ என விடையிறுத்த எபிரேயச் சொல்லும் அப்பாடலில் இடம்பெறுகின்றது. மகனும் முன்னோர் கூடமும் ஒருங்கே துணைநிற்க எழுந்த இத்தொகுதியை, தனித்திருந்து சாவை நோக்கியவரின் புலம்பல் என்றல் பொருந்தாது.

பிறிதொரு சான்றும் உண்டு. இறக்க ஆயத்தமாயுள்ளதாகத் தாம் கூறியது மிகையென, அக்டோபர் 13ஆம் நாள் கூட்டமொன்றில் அவரே நகைபட மறுத்துரைத்தார். மேலும், அவர் குரல் பதிந்து நிறைவுறாது விட்டுச்சென்ற பாடல்களை மகன் முற்றுவித்து 2019இல் வெளியிட்டார். எனவே, 2016ஆம் ஆண்டுத் தொகுதியோடு அவர் தம் பணியை முடித்துக்கொண்டார் அல்லர் என்பது தெளிவு.

சாவின் நினைவே இதில் இல்லை என்பது நம் கருத்தன்று. காஞ்சித்திணையுள், கூற்றின் வலியை எடுத்துரைத்தலையும், இறந்தார்க்கு இருந்தார் இரங்கும் கையறுநிலையையும் வெவ்வேறு துறைகளாகவே தொல்காப்பியர் வகுத்தார். கோகனின் தொகுதி முன்னதன் பாற்படும். அதனைக் கையறுநிலையாக்கியது அவருடைய பாட்டன்று. பின்னர் வந்த நவம்பர்த் திங்களே என்க.