உணர்வுப் புறக்கணிப்பு: இளையோர் அனுபவத்தை அளவிடுதல்

ஒருவர் தம் வருத்தத்தையோ அச்சத்தையோ சொல்லும்போது, அது தேவையற்றது, மிகையானது என்று பிறர் தள்ளிவிடுவதாக அவர் உணர்வதே உணர்வுப் புறக்கணிப்பு. இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். உணர்வு எளிதில் கொந்தளிக்கும் இயல்பும், அந்த உணர்வை ஓயாமல் மறுக்கும் சூழலும் சேர்ந்தே எல்லைநிலை ஆளுமைக் கோளாறை உருவாக்குகின்றன என்று 1993இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். அத்தகைய குடும்பங்களை அவர் மூவகையாகப் பிரித்தார். முதல் வகை, பிள்ளையைக் கவனிக்க நேரமோ நிதானமோ இல்லாத குலைந்த குடும்பம். இரண்டாவது, அழுகையையும் கோபத்தையும் காணப் பொறுக்காத குடும்பம். மூன்றாவது, மனத்தை அடக்கி உழைத்தால் எல்லாம் சரியாகும் என நம்பும் வழக்கமான குடும்பம். மூன்றாவதே நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. அக்கறையின் உருவில் வருவதால் கண்ணில் படாததும் அதுவே. இந்தப் புறக்கணிப்பை அளவிட இங்கிலாந்தில் மவுண்ட்ஃபோர்டு குழுவினர் 2007இல் வெளியிட்ட அளவுகோல், 18 வயது வரையிலான நினைவுகளைத் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே மதிப்பிடச் சொல்கிறது. சீலின்ஸ்கி, வெய்யூ இருவரும் 2018இல் வெளியிட்ட 10 கூற்றுகள் கொண்ட அளவுகோல் 'பிறர்' என்று பொதுவாகக் கேட்கிறது.

இவ்விரண்டையும் அப்படியே மொழிபெயர்த்தால் தமிழ் இளையோரின் அனுபவம் பிடிபடாது. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியை எடுத்துக்கொள்வோம். தந்தை வெளியூரில் வேலை பார்க்க, தாய் பீடி சுற்ற, ஆச்சியிடம் வளரும் பிள்ளைக்குத் தாய், தந்தை என்ற இரு பிரிவுகள் போதா. 'பிறர்' என்ற ஒற்றைச் சொல்லோ ஆச்சியையும் ஆசிரியரையும் ஒன்றாக்கிவிடும். மதிப்பெண் குறைந்து அழுபவளிடம், "ஏட்டி, இதுக்குப் போயா அழுத?" என்று ஆச்சி தலையைத் தடவிச் சொன்னால் ஆறுதல், அதையே வகுப்பு முன்னால் ஆசிரியர் சொன்னால் அவமானம். ஆகவே யார் சொன்னார், சொன்னபின் என்ன செய்தார் என்பதைத் தனித்தனியே கேட்கும் அளவுகோலே இங்கு பயன்படும். அளவுகோல் தாள்களை ஆசிரியர் அருகில் நின்று நிரப்பச் செய்வதும் கூடாது. பிள்ளை உண்மையை எழுதாது.

உணர்ந்தது வேறு, நடந்தது வேறு என்பது இவ்வகை அளவீட்டுக்கு எதிரான ஒரு மறுப்பு. ஒரே வீட்டில் வளரும் அண்ணனும் தங்கையும் ஒரே சொல்லை இருவிதமாகக் கேட்பதுண்டு, இது மெய்யே. ஆனால் அளவுகோல் பெற்றோர் மேல் தீர்ப்பெழுத வந்ததன்று. அடுத்த முறை தன் துயரத்தைச் சொல்வதா, விழுங்குவதா என்று பிள்ளை முடிவெடுப்பது தான் உணர்ந்ததைக் கொண்டே. பொறுமையைப் போற்றும் பண்பாட்டில் இது மேல்நாட்டுச் சரக்கு என்பது மற்றொரு மறுப்பு. ஆனால் உணர்வை வெளிக்காட்டினால் மற்றவர் ஏற்பார்களா என்ற எண்ணத்தை வைஷாலி ராவல் குழுவினர் குஜராத்திக் குழந்தைகளிடமே ஆராய்ந்து 2007இல் வெளியிட்டுள்ளனர். அடக்கம் நற்பண்பாக இருக்கும் இடத்தில், அடக்கியதால் வந்த வலியைக் கேட்டறிவது இன்னும் அவசியமாகிறது. அப்படிக் கேட்டறியும்போது மனநல உதவி தேவைப்படுவோருக்கு 2022 அக்டோபர் முதல் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண் இயங்குகிறது.