பிள்ளைப் பாசமும் மருத்துவமனைக் கதவும்

குழந்தை தாயிடம் பற்றுக் கொள்வது பால் கிடைப்பதனால்தான் என்று மேனாட்டு உளநூலார் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். ஊட்டும் கை மாறினால் பற்றும் மாறிவிடும் என்பது அவர்தம் கணக்கு. அமெரிக்க அறிஞர் வாட்சன், பிள்ளைகளை அணைத்தலும் முத்தமிடலும் ஆகா, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று 1928-இல் நூலே எழுதினார். தாலாட்டுக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது நகைப்பை விளைக்கும்.

ஆயின் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நிகழ்ந்தது நகைப்புக்குரியதன்று. 1949-ஆம் ஆண்டளவில், இலண்டனில் ஒரு மருத்துவமனை பெற்றோரை ஞாயிறு மாலை இரண்டு மணி நேரமே உள்ளே விட்டது. மற்றொன்றில் முதல் மாதம் முழுதும் பிள்ளையைக் காண இயலாது. அது உறங்கும்போது எட்டிப் பார்க்கலாம், அவ்வளவே! தொற்றுநோய் அச்சம் ஒரு காரணம். தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிடில் அடங்கிவிடுகிறது என்பது மற்றொரு காரணம்.

அந்த அடக்கம் யாது என வினவியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் ஆன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றிய அவர், 1948 முதல் உளமருத்துவர் ஜான் பௌல்பியுடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார். பிரிந்த குழந்தை முதலில் கதறித் தாயைத் தேடுகிறது. பின்னர்த் துயரில் ஒடுங்குகிறது. இறுதியில், தாயே வந்தாலும் முகம் திருப்பிக்கொள்கிறது. இந்நிலையைத்தான் ‘பழகிவிட்டது’ என்று தாதியர் மகிழ்ந்தனர். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை மூலையில் வாய் திறவாது அமர்ந்திருப்பதைக் கண்டு, ‘நல்ல பிள்ளை’ என்னும் ஆசிரியரும் உளரன்றோ?

சொல்லை எவரும் நம்பவில்லை. எனவே ராபர்ட்சன் சிறு படக்கருவி ஒன்றை வாங்கி, எட்டு நாள் மருத்துவமனையிலிருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். வேண்டிய காட்சியைப் பொறுக்கியெடுத்தார் என்னும் பழி வாராதிருக்க, நாள்தோறும் குறித்த வேளைகளில், சுவர்க்கடிகாரமும் தெரியுமாறு எடுத்தார். 1952-இல் மருத்துவர் அவையில் படம் காட்டப்பட்டபோது சினந்தெழுந்தோர் பலர். அழாதிருக்க முயன்று தோற்கும் அம்முகம் அவர்களைச் சுட்டது போலும்.

1958-இல் ஹார்லோ தம் குரங்குக் குட்டி ஆய்வை வெளியிட்டார். பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டு, பால் தராத துணிப் பொம்மையையே குட்டிகள் கட்டிக்கொண்டன. பழைய கணக்குப் பொய்த்தது. மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து காணவும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் தாய் தங்கவும் வழி செய்யுமாறு பரிந்துரைத்தது. கதவுகள் உடனே திறந்துவிடவில்லை. அப்பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவர, 1961-இல் இலண்டன் பாட்டர்சீயில் தாய்மார் சிலர் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தனர்.