மருத்துவர் இல்லாதவருக்கு ஒரு நூல்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்து என் அருகில் அமர்ந்தார். பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர். கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, நான்கு மாதங்கள் மாத்திரைகளை அறவே நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகத்தை மட்டுமே உட்கொண்டிருக்கிறார். காலில் பட்ட சிறு புண் ஆறாமல் புரையோடிற்று. இரண்டு விரல்களை இழந்த பின்னரே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: “ஹஜ்ரத், சாவைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் மருந்திருக்கிறது என்று நீங்களும் ஜும்ஆ பயானில் சொன்னீர்களே, எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?”

அவ்வாறு நான் பயான் செய்தது உண்மை. நபிமொழியைச் சொன்னேன், அதற்கு நம் முன்னோர் எழுதி வைத்த விளக்கத்தைச் சொல்லாமல் விட்டேன். அன்று விட்ட குறையை நிறைவு செய்யும் பொருட்டே இதனை எழுதுகிறேன். வீட்டு மருந்து எதுவரை, மருத்துவர் எதிலிருந்து என்னும் கேள்வி நம் காலத்தில் முளைத்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் அதனை எதிர்கொண்டு, தெளிவான விடையும் கண்டிருக்கின்றனர்.

கைக்கெட்டிய மருந்து

இன்றைய தெஹ்ரான் நகருக்கு அருகிலிருந்த ரய் என்னும் ஊரில் ஏறத்தாழ 865ஆம் ஆண்டில் பிறந்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஜகரிய்யா அர்ராஜி. ரய் நகரிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றியவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்தறிந்து தனி நூல் எழுதியவர். அவருடைய குறிப்புகளை அவர் மறைந்த பின் தொகுத்து உருவாக்கிய ‘அல்ஹாவீ’ என்னும் பெருநூல் 1279இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களின் கைகளில் நெடுங்காலம் தவழ்ந்தது.

இத்துணைப் பெரிய அறிஞர், ஏழைகளுக்காக ஒரு சிறு நூலும் எழுதினார். ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்பது அதன் பெயர். ‘மருத்துவர் வந்து பார்க்க வாய்ப்பில்லாதவர்’ என்பது பொருள். ‘திப்புல் ஃபுகரா’, அதாவது ஏழைகளின் மருத்துவம், என்றும் அதனை அழைப்பர். முப்பத்தாறு அத்தியாயங்களில் தலைவலி, சளி, இருமல், மனச்சோர்வு, கண், காது, வயிற்று நோய்கள் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் வழி கூறப்பட்டுள்ளது. மன்னர் மாளிகைகளில் மட்டும் கிடைக்கும் அரும்பொருள்களை அவர் தேடச் சொல்லவில்லை. கடைத்தெருவிலும், மருந்து விற்பவரிடமும், வசதியான சமையலறையிலும், படைவீரர் பாசறையிலும் கிடைப்பனவற்றைக் கொண்டே மருந்து சொன்னார். காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு ரோஜா எண்ணெய் இரண்டு பங்கும் காடி ஒரு பங்கும் கலந்து, துணியை நனைத்து நெற்றியில் இடுமாறு எழுதினார். ஈரத்துணி போடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது அன்னியமாகத் தோன்றாது.

உணவால் தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தை நாடாதிருப்பதும், தனி மருந்தால் தீர்வதற்குக் கூட்டு மருந்தை நாடாதிருப்பதும் அவர் வற்புறுத்திய நெறி. ஆயின் இதே ராஜி, மக்கள் தேர்ந்த மருத்துவரை விட்டுவிட்டுப் போலிகளை நாடிச் செல்வது ஏன் என்று ஆராய்ந்தும் ஒரு நூல் எழுதியுள்ளார் என்பதை ஈண்டு நாம் மறந்துவிடலாகாது. மருத்துவர் கிட்டாதவருக்கு உதவவே அவர் ஏழைகளின் நூலை எழுதினார். மருத்துவர் கிட்டியும் அவரைப் புறக்கணிப்பவருக்காக எழுதினாரல்லர்.

வாயிலில் ஒரு மருந்தகம்

ராஜி மறைந்து அரை நூற்றாண்டுக்குள், வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸாரும் ஏழை எளியோருக்கென ஒரு மருத்துவ நூல் யாத்தார். பயணிகளுக்காக அவர் எழுதிய ‘ஸாதுல் முஸாஃபிர்’ இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. அவருடைய வீட்டு வாயிலில் ஒரு பந்தல் இருந்தது. மருந்துகளுடன் ரஷீக் என்னும் பணியாள் அங்கே அமர்ந்திருப்பார். நோயாளியைப் பார்த்து மருந்து இன்னதெனச் சொல்வதோடு இப்னுல் ஜஸ்ஸாரின் வேலை முடிந்துவிடும். மருந்து கொடுப்பது பணியாளின் பொறுப்பு. நோயாளியிடமிருந்து தம் கையால் காசு வாங்குவதை அவருடைய தன்மானம் இடங்கொடுக்கவில்லை என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நோய் வருமுன் காப்பதையும் அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்தனர். பக்தாதில் வாழ்ந்த கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் பதினொன்றாம் நூற்றாண்டில் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்னும் நூலை அட்டவணைகளாகவே அமைத்தார். காற்று, உண்டி, உறக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், உடற்கழிவுகள், மன உணர்ச்சிகள் ஆகிய ஆறும் அளவோடு அமைவதே உடல்நலம் என்பது அந்நூலின் அடிப்படை. மருத்துவ வாதங்களைக் கேட்டுச் சலித்த பொதுமக்கள் பார்த்த மாத்திரத்தில் பயன்பெற வேண்டும் என்பதே அட்டவணையின் நோக்கம்.

மருத்துவரை மக்களிடம் சேர்த்தல்

நூல் கொடுத்ததோடு அச்சமுதாயம் நின்றுவிடவில்லை. மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவரையே அனுப்பியது. கலீஃபா முக்ததிரின் ஆட்சியில் கொள்ளை நோய் பரவியபோது, அமைச்சர் அலீ இப்னு ஈஸா தலைமை மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித்துக்குக் கடிதம் எழுதினார். சிறையில் கிடப்போர் நெருக்கத்தாலும் கடினமான இடத்தாலும் நோயுறுவது திண்ணம். அவர்களோ தாமே சென்று மருத்துவரைக் காண இயலாதவர்கள். எனவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளுடன் சிறைகளுக்குச் சென்று வரவேண்டும் என்பது அதன் கருத்து. மருத்துவர் இல்லாத சவாத் நாட்டுப்புறக் கிராமங்களுக்கும் மருந்துப் பெட்டிகளோடு மருத்துவர்களை அனுப்புமாறு மற்றொரு கடிதம் எழுதினார்.

நோயாளிக்கென நிலையான இல்லங்களும் எழுந்தன. திமிஷ்கில் நூருத்தீன் 1154இல் நிறுவிய பீமாரிஸ்தான் அவற்றுள் ஒன்று. கலாவூன் என்னும் படைத்தலைவர் நோயுற்றபோது, அங்கிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோல் ஒன்றைக் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார். சுல்தானான பின் 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையை எழுப்பினார். அரசரும் குடிகளும், ஆண்களும் பெண்களும், சுதந்திரரும் அடிமையும் அதில் சிகிச்சை பெறலாம் என்பது அதன் ஏற்பாடு. செலவுக்கு வக்ஃபு சொத்துகள் எழுதி வைக்கப்பட்டன.

தேர்வுக்கு வந்த முதியவர்

மருத்துவரை அனுப்பினால் போதுமா? அவர் கற்றவரா என்பதையும் அறிய வேண்டுமன்றோ? ஹிஜ்ரி 319இல், அதாவது 931இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. ஸினான் தேர்வு செய்து சான்று அளித்தவரைத் தவிர வேறெவரும் மருத்துவம் செய்யலாகாது என ஆணை பிறந்தது. பெரும்புகழ் பெற்றோரும் அரச பணியில் இருந்தோரும் நீங்கலாக, தேர்வுக்கு வந்தோர் எண்ணிக்கை எண்ணூற்று அறுபதைத் தாண்டியது.

அத்தேர்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னுல் கிஃப்தீ சுவைபட வரைந்துள்ளார். நல்லாடை அணிந்த கம்பீரமான முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தி, கடைசியில் அவருடைய ஆசிரியர் யாரென வினவினார். முதியவர் பொற்காசுப் பொட்டலம் ஒன்றை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதவோ படிக்கவோ சரியாகத் தெரியாது என்றும், குடும்பம் இந்தத் தொழிலால்தான் பிழைக்கிறது என்றும், அதனைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் மன்றாடினார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்: தெரியாத மருந்தை நோயாளிக்குக் கொடுக்கலாகாது, இலேசான நோய்களுக்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து தரவோ கூடாது. தம் வாழ்நாளில் காடியும் தேனும் சேர்ந்த பானத்தையும் ரோஜாநீர்ச் சர்பத்தையும் தாண்டித் தாம் சென்றதேயில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றாய் எனக் கேட்டபோது, நேற்று வந்த முதியவரே தம் தந்தையும் ஆசிரியரும் என்றார். தந்தையின் வழியிலேயே நிற்கிறாயா என்றார் ஸினான். ஆம் என்றதும், அதனைத் தாண்டாதே எனச் சொல்லி அனுப்பிவிட்டார்.

படித்துச் சிரிக்கும் கதையாயினும் இதில் ஒரு நீதி உண்டு. சர்பத் கொடுப்பவரை ஸினான் விரட்டவில்லை. அவருக்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் அபூதாவூத், நஸாயீ கிரந்தங்களில் நபிமொழி பதிவாகியிருப்பதை அறிந்தோருக்கு அக்கோட்டின் வேர் புலப்படும்.

கருஞ்சீரகமும் மருத்துவரும்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது, ஐயமில்லை. ஆயின் அதே அறிவிப்பில், நோயுற்ற காலிப் இப்னு அப்ஜர் என்பாருக்கு ஐந்து அல்லது ஏழு விதைகளை நசுக்கி, எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டுமாறு சொல்லப்பட்டது. ஒருவருக்கு, ஓர் அளவில், ஒரு முறையில் கூறப்பட்ட மருந்து அது. ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ, இது பொதுச்சொல்லால் குறிப்பிட்ட பொருளைச் சுட்டும் வகையைச் சேர்ந்தது என விளக்கினார். இமாம் அபூபக்ர் இப்னுல் அரபீ தேனை ஒப்பிட்டுக் காட்டினார்: தேனில் நிவாரணம் உண்டென இறைமறை கூறினும், தேன் அருந்தினால் துன்பம் மிகும் நோய்களும் உள்ளன, தேனைப் பற்றிய சொல்லைப் பெரும்பான்மை நோக்கிக் கொள்வதாயின், கருஞ்சீரகத்தையும் அவ்வாறே கொள்வது பொருந்தும் என்பது அவர் வாதம். பொதுவாகவே பொருள் கொண்டோரும் உண்டு. இரு சாரார் கருத்தையும் இப்னு ஹஜர் தம் ஃபத்ஹுல் பாரியில் எடுத்தெழுதியுள்ளார். பயானில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) நெஞ்சு நோயால் வருந்தியபோது, அவரைக் காண வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லச் சொன்னார்கள் என அபூதாவூதில் வருகிறது. அதே சொல்லோடு அஜ்வா பேரீச்சம்பழம் ஏழினை இடித்துக் கொடுக்கவும் சொன்னார்கள். பேரீச்சையும் உண்டு, மருத்துவரும் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விலக்கவில்லை.

இன்று நம் வீடுகளில் இரண்டு பிழைகள் அருகருகே நடக்கின்றன. வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மாத்திரையைக் கைப்பேசிச் செய்தி கண்டு நிறுத்துகிறோம். தானே அடங்கும் சளிக்கோ, மருந்துக் கடையில் நின்றபடியே, மருத்துவர் சீட்டின்றி வீரியமான கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். ராஜியின் நெறியைத் தலைகீழாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது நம் வழக்கம். உம்மாமார் கற்றுத் தந்த கஷாயத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. கஷாயத்தின் எல்லை எதுவென்று அறிந்திருப்பதும், என்னென்ன உட்கொள்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதுமே வேண்டுவன.

பெரியவரிடம் அன்றே இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இதை அந்த மிம்பரில் ஏறியே சொல்லிவிடுங்கள் ஹஜ்ரத், எனக்குப் பின்னால் வருபவர்களுக்காவது உதவும்” என்றார். அடுத்த ஜும்ஆவில் அவ்வாறே செய்தேன். முன்வரிசையில் நாற்காலியிட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அவர் அமர்ந்திருந்தார். வல்ல இறைவன் அவருக்கும் நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக.